மெனுவில் இருந்த தமிழ்

அந்தக் கருவியிலிருந்து தமிழை எடுத்தது நான்தான். முதலாளி எடுக்கச் சொன்னார், அதனால் எடுத்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வரிகளைத் தேடிப் பிடித்து அழித்தவை என் விரல்கள். வேலை முடிந்த திருப்தியில் கீழே இறங்கிப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன்.

எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. கீழே டியூஷன் வகுப்பு. ரயில் போகும்போது ஜன்னல்கள் அதிரும். சாலிடர் பிடித்துக்கொண்டிருப்பவர் கையை எடுத்துவிட்டு, அது கடந்து போகும்வரை காத்திருப்பார். ஐந்து பேர் வேலை செய்தோம். குளிரறைகளின் சுவரில் மாட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் எங்கள் பிழைப்பு. மீன், கோழி, ஐஸ்கிரீம் வைக்கும் பெரிய குளிரறைகள். எங்கள் பெட்டி உள்ளே இருக்கும் குளிரைப் பார்க்கும், மோட்டரை ஓட்டும், நிறுத்தும், ஏதாவது பிழை வந்தால் கத்தும். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, நான்கு பட்டன், உள்ளே ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் ஒரு சின்ன ஒப்பரேட்டிங் சிஸ்டம். அதன் மேல் ஓடும் எல்லாவற்றையும் எழுதியது நான்.

சிப்பின் மெமரி நூற்று இருபத்தெட்டு கிலோபைட். ஃபோனில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது. அந்த இடத்தில் தமிழ் எழுத்துகளையும் வைத்து, கொம்பையும் துணைக்காலையும் சரியான இடத்தில் போடும் புரோகிராமையும் வைப்பது ஆகாத காரியம். அதனால் ஒவ்வொரு செய்தியையும் முழுப் படமாகவே வரைந்தேன். நாற்பத்து நான்கு செய்திகள், ஒவ்வொன்றும் இரண்டு வரி, வரிக்குப் பதினாறு புள்ளி உயரம். ணகரத்தின் சுழிகள் தெரிய வேண்டும், னகரத்தோடு குழம்பக்கூடாது. 'கதவைத் திறக்க வேண்டாம்' என்பதை ஒரே வரிக்குள் அடக்க மூன்று நாள் மெனக்கெட்டேன்.

சிங்களப் படங்களை வரைந்தவர் எங்கள் சர்க்கிட் பொறியியலாளர். என்னைவிடப் பத்து வயது மூத்த சிங்களவர். நான் அவரை, சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, அய்யே என்றுதான் கூப்பிடுவேன். பின்னேரங்களில் இருவரும் திரையை மாற்றி மாற்றிப் பார்ப்போம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும், "இந்த எழுத்துக்கு வயிறு முட்டிப் போச்சு" என்று சிங்களத்தில் சொல்வார். சொன்னது சரியாக இருக்கும். திருத்துவேன். முதல் பெட்டிகள் அப்படித்தான் போயின. மூடியின் மேல் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் கேட்டார்: ஃபோனிலிருந்தே கருவியின் புரோகிராமைப் புதுப்பிக்க முடிய வேண்டும். கூடவே, சுவிட்சைப் போட்டதும் அவர்களுடைய சின்னம் திரையில் சுழன்று வர வேண்டும்.

"இதுக்கு ரெண்டு மடங்கு இடம் வேணும் அண்ணை," என்று முதலாளியிடம் சொன்னேன். "புதுப் புரோகிராம் முழுசா வந்து சேருற வரைக்கும் பழசை அழிக்கேலாது. இடையில கரண்ட் போனா மெசின் செத்துப் போயிடும். பாதி மெமரியைச் சும்மா விட்டு வைக்கோணும்."

"பெரிய சிப் போட்டா?"

அய்யே தலையை ஆட்டினார். நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. கப்பலில் வந்த எரிவாயுவுக்கே காசு கட்ட முடியாமல் இருந்தபோது எங்கள் சிப்புக்கு யார் கட்டுவார்கள்? அலுமாரியில் இருந்த சின்னச் சிப்புகள்தான் எங்களிடம் மிச்சம்.

இரண்டு வாரம் செதுக்கினேன். ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில் தேவைப்படாத பகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்த துண்டுகளை ஒன்றாக்கினேன். பத்து பைட், இருபது பைட் என்று பொறுக்கினேன். அப்படியும் பதினேழு கிலோபைட் கூடுதலாக நின்றது. வெள்ளைப் பலகையில் பெரியவற்றை எழுதி வைத்தேன். சுழலும் சின்னம் பன்னிரண்டு, சிங்களம் இருபத்திரண்டு, தமிழ் இருபத்திரண்டு.

முதலாளி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தமிழை எடுத்துவிடும்," என்றார்.

"அண்ணை?"

"ஆர் பாக்கப் போகினம்? கூல்ரூமில நிக்கிற ஆக்களுக்குச் சிங்களம் வரும். மேல இருக்கிறவைக்கு இங்கிலீஷ் வரும். இவ்வளவு நாளில ஒரு கஸ்டமராவது தமிழில வேணும் எண்டு கேட்டவரோ?"

கேட்டதில்லை. இதைச் சொன்னவர், பிள்ளைகள் வீட்டில் இங்கிலீஷில் கதைத்தால் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பிப் போகிறவர். தமிழ் விழாக்களில் முன்வரிசையில் இருப்பவர்.

அய்யே சிங்களத்தில் குறுக்கிட்டார். சின்னத்தை எடுப்போம், படங்களைச் சுருக்கி வைப்போம், ஒரு மாதம் தாருங்கள் என்றார். முதலாளி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சின்னம் சுழல்வதைத்தானே வாடிக்கையாளர் முதலில் பார்ப்பார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீரே சொல்லும். உமக்கே பிரச்சினை இல்லையெண்டா வேற ஆருக்குப் பிரச்சினை?"

"பிரச்சினை இல்லை அண்ணை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். களைத்துப் போயிருந்தேன் என்பது ஒன்று. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. கொழும்பில் பிறந்து வளர்ந்த நான் வங்கியிலும் பொலிஸிலும் பிசகில்லாத சிங்களத்தில் கதைத்து வேலையை முடித்துக்கொண்டு வருகிறவள். மொழி மொழி என்று மேசையைத் தட்டுகிற ஆள் நானில்லை என்பதில் எனக்கொரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அன்று பதில் சொன்னது.

அச்சடித்த மூடிகள் நிறைய மிச்சமிருந்தன. அவற்றை எறிய முதலாளிக்கு மனமில்லை.

"மெனுவில பேர் இருக்கட்டும்," என்றார். "ஆராவது தமிழ் எண்டு அமத்தினா இங்கிலீஷ் வரட்டும்."

ஒரு வரிதான். மொழி தமிழாக இருந்தால் இங்கிலீஷைக் காட்டு. எழுதி, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பும் போட்டேன். எல்லாம் அடங்கியது மட்டுமல்ல, ஐந்து கிலோபைட் மீதியும் வந்தது. பிறகு ஏதாவது கேட்டால் உதவும் என்று அதை ஒதுக்கி வைத்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வைப்போம்.

எட்டு மாதம் கழித்து, ஒரு போயா என்ற பௌர்ணமி விடுமுறைக்கு அடுத்த நாள் காலையில் ஃபோன் வந்தது. ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டுகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு களஞ்சியத்தில் குளிரறை நின்றுபோய், உள்ளே இருந்த கோழி முழுவதும் கெட்டுவிட்டது. எங்கள் கருவி கத்தவில்லையா, அல்லது காவலுக்கு நின்றவர் கவனிக்கவில்லையா என்று தெரிய வேண்டும் என்றார்கள். முதலாளி என்னை அனுப்பினார்.

முச்சக்கர வண்டியை விட்டு இறங்கும்போதே நாற்றம் அடித்தது. களஞ்சியத்தின் முகாமையாளர் ஒரு சிங்களவர், மூக்கில் கைக்குட்டையைப் பிடித்தபடி நின்றார். சற்றுத் தள்ளி, ரப்பர் பூட்ஸோடு ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். முந்தைய நாள் எல்லோரும் விடுமுறையில் போயிருக்க, காலையிலிருந்து தனியாக வேலையில் இருந்தவர் அவர்தான்.

லேப்டொப்பைப் பொருத்திக் கருவியின் பதிவை இறக்கினேன். எல்லாம் தெளிவாக இருந்தது. காலை ஒன்பது மணி நாற்பதுக்கு உள்ளே காற்றைச் சுற்றும் விசிறி பனியில் இறுகி நின்றிருக்கிறது. கருவி உடனே கத்தியிருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் யாரோ பட்டனை அமத்திச் சத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பின்னேரம் ஆள் போகும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பக் கத்தியிருக்கிறது. ஐந்து முறை. ஐந்து முறையும் பட்டன் அமத்தப்பட்டிருக்கிறது. மைனஸ் பதினெட்டில் இருந்த குளிர் படிப்படியாக ஏறியிருந்தது.

முதலாளிக்கு ஃபோன் எடுத்து, மெசினில் பிழை இல்லை என்று சொன்னேன். நான் தமிழில் கதைத்ததைக் கேட்டதும் பூட்ஸ் போட்டவருடைய முகம் மாறியது. கிட்ட வந்தார்.

"மிஸ் தமிழா? அப்ப நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க மிஸ். நான் வேணும்னு ஒண்ணும் செய்யலைங்க. கதவு கொஞ்ச நேரம் தொறந்திருந்தாலும் இப்படித்தான் கத்தும். பட்டன அமுத்துனா நிக்கும். அப்படித்தான் எனக்குக் காட்டிக் குடுத்தாங்க."

"ஸ்கிரீனில எழுத்து வந்திருக்குமே," என்றேன்.

"வந்துச்சு மிஸ். இங்கிலீசுல வந்துச்சு. நான் தமிழ்தான் வச்சிருந்தேன். பொட்டியில தமிழ்னு போட்டிருக்கே. ஆனா தமிழ அமுத்துனாலும் இங்கிலீசுதான் வருது. நான்தான் எங்கயோ தப்பா அமுத்துறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சிங்களம் தெரியாதா?"

"பேசுவேங்க. வாசிக்கத் தெரியாது. தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன்."

முகாமையாளர் பொறுமையிழந்து, "மெயா மொகத கியன்னே, மிஸ்?" என்று கேட்டார். இவர் என்ன சொல்கிறார் என்று.

திரையில் வந்ததை வாசிக்க முடியவில்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"ஏன் முடியாது? இதில் தமிழ் இருக்கிறதுதானே?" என்று அவர் மூடியின் மேல் அச்சடித்திருந்ததை விரலால் தட்டிக் காட்டினார்.

பூட்ஸ் போட்டவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம்.

"மெனுவில் தமிழ் இருக்கிறது," என்றேன்.

முகாமையாளர் அந்த இடத்திலேயே நான்கு தரம் பட்டனை அமத்திப் பார்த்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவர் அமத்தவில்லை. நான் அமத்திக் காட்டவுமில்லை. முகாமையாளர், பார்த்தாயா என்பதுபோல அந்த மனிதரின் பக்கம் கையை விரித்தார். பூட்ஸ் போட்டவருக்குச் சிங்களம் காதால் விளங்கும். நான் சொன்னதும் விளங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் தப்பா அமுத்திட்டேன் போல மிஸ்," என்றார்.

என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. தமிழ் கதைக்கிற ஒருத்தி, படித்தவள், பொய் சொல்ல மாட்டாள் என்று எடுத்துக்கொண்டார். நான் லேப்டொப்பை மூடிப் பையில் வைத்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை தயாரித்தேன். பதிவின் ஒவ்வொரு வரியிலும் நேரம், வெப்பநிலை, பிழை, பட்டன் என்று இருக்கும். வரியின் கடைசியில் ஒரு பைட் மிஞ்சியதால், அந்த நேரத்தில் கருவி எந்த மொழியில் இருந்தது என்பதையும் எப்போதோ அதில் போட்டு வைத்திருந்தேன். ஐந்து வரியிலும் மொழி தமிழ் என்றே இருந்தது. அவர் சொன்னது முழுவதும் உண்மை என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

முதலாளி அறிக்கையை வாசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இந்தக் கடைசிக் கொலம் என்னத்துக்கு? நேரம், வெப்பநிலை, பட்டன். அது காணும்."

"அதை எடுத்தா அந்த ஆளின்ர வேலை போயிடும் அண்ணை."

"எடுக்காட்டி எங்கட ஐஞ்சு பேரின்ர வேலையும் போகும். அவை கேப்பினம், தமிழ் எண்டு போட்டுட்டு ஏன் இங்கிலீஷ் காட்டினது எண்டு. என்ன சொல்லப் போறீர்? எழுதினது நீர்தானே?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை விழுத்தியது. எழுதினது நான்தான். மொழியைக் காட்டிய அந்தக் கடைசிக் கொலத்தை எடுத்தேன். அச்சடித்துக் கையெழுத்தும் வைத்தேன். அய்யே தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டை எப்போதும் என்னோடுதான் பிரிப்பார். அன்று பார்சலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அடுத்த நாளும் போனார். அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்வரை எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான் இருந்தது.

கோழி கெட்ட மாதமே களஞ்சிய வேலையிலிருந்து அந்தப் பூட்ஸ் போட்டவரை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய மெக்கானிக் வேறு ஏதோ அலுவலாக ஃபோன் எடுத்தபோது, இடையில் சொன்ன செய்தி அது. பாவம், நல்ல மனிசன், பன்னிரண்டு வருஷம் நின்றவர் என்றார்.

அன்று பின்னேரம் ஒரு கணக்குப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டிய கணக்கு. நாற்பத்து நான்கு செய்திகளில் உண்மையாகவே ஆபத்தானவை ஆறு. மற்றவையெல்லாம் திகதியை மாற்று, ஒலியைக் கூட்டு என்ற மாதிரியானவை. ஆறு செய்திக்குத் தமிழில் எவ்வளவு இடம் வேண்டும்? மூன்று கிலோபைட். என்னிடம் ஐந்து கிலோபைட் சும்மா கிடந்தது. அந்த எட்டு மாதமும், ஒருகொடவத்தைச் சுவரிலும், அது வெறுமையாகக் கிடந்தது. இடம் இல்லாததால்தான் தமிழ் போனது என்று நான் நம்பியிருந்தது பொய். இடம் இருந்தது. முழுவதையும் எடு என்றார்கள், முழுவதையும் எடுத்தேன். பாதியாவது வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பழைய படங்களைத் தேடி எடுத்து அந்த ஆறையும் திரும்ப வைத்தேன். இரண்டு நாள் வேலை. முதலாளியிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அடுத்த புதுப்பித்தலோடு அது ஃபோன் வழியாக எல்லாக் குளிரறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருகொடவத்தைப் பெட்டியும் இப்போது விசிறி நின்றால் தமிழில் சொல்லும். ஆனால் அங்கே புதிதாக எடுத்திருப்பவர் சிங்களவர். அவர் சிங்களத்தில் வைத்திருப்பார்.

மெக்கானிக்கிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முதுகுக்கு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள். அவருடைய வீட்டில் ஒரே ஒரு அறை, திரைச்சீலை போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனார். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தமிழை எடுத்தது நான். மெனுவில் பெயரை விட்டதும் நான். அறிக்கையில் மறைத்ததும் நான்.

வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"என்னால உங்களுக்கும் எவ்வளவு கரைச்சல் மிஸ். அந்த நாத்தத்துல வந்து நின்னீங்க. மிஷின்ல பிழையில்லன்னு சொன்னாங்க. நான்தான் சரியாப் பழகியிருக்கணும்."

"இல்லை, அது..." என்றேன்.

"இந்த வயசுல எங்கங்க புதுசா வேலை தேடுறது? அதான் யோசனையா இருக்கு."

அவருடைய மனைவி தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தார். நன்றாகச் சீனி போட்டிருந்தார். கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு இடத்தில வேலை கேட்டுப் பாக்கிறன்," என்றேன். போன காரியத்தை விட்டுவிட்டு என் வாயில் வந்தது அதுதான். அதைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்வதற்கு வழி இல்லாமல் போயிற்று. உதவி செய்ய வந்தவளாக ஆகிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, சொல்லாமல் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் கவனித்தேன்.

எங்கள் வீடு இருக்கும் தொடர்மாடிக்குக் கிட்ட, காலி வீதியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கமானவர். கேட்டேன். சரக்கு அறையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். மூன்றாம் நாளே இவர் வேலைக்கு வந்துவிட்டார். களஞ்சியத்தில் கிடைத்த சம்பளத்தில் பாதிதான். ஆனாலும் வந்தார்.

அதற்குப் பிறகு நான் வடை வாங்கப் போனாலும் அவர் உள்ளேயிருந்து வெளியே வருவார். மேசை துடைப்பவரைத் தள்ளிவிட்டுத் தானே துடைப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "இந்த மிஸ்தான் எனக்கு இந்த வேலைய எடுத்துக் குடுத்தாங்க. என் வேலை போனப்போ வீடு தேடி வந்த ஒரே ஆள் இவங்கதான்," என்று சொல்வார். எல்லோர் முன்னாலும், உரத்த குரலில் சொல்வார். நான் தலையைக் குனிந்து இடியப்பத்தைப் பிசைவேன்.

ஒருநாள் அவர் தன் பழைய ஃபோனை நீட்டினார். அதைத் தமிழில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தேன். திரை முழுவதும் தமிழில் வந்ததைப் பார்த்து, "மிஸ் கை பட்டதும் வந்திருச்சே," என்று சிரித்தார்.

இப்போது நான் அந்தக் கடைக்குப் போவதில்லை. காலையில் அலுவலகத்துக்குப் போகும்போது காலி வீதியின் மற்றப் பக்கம் நடக்கிறேன்.